நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். படி ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கீங்க? ஃபோன் பண்ணினா ஒரு வார்த்தைக்குப் பத்து தடவை "என்ன, என்ன"ங்கறே. ஆறு வருஷமா கல் வெட்டி வெட்டி அந்த கிரைண்டர் சத்தத்துக்கே காதைக் குடுத்துட்டே. அதான் பழையபடி கடிதத்துக்கே வந்துட்டேன். கண்ணாவது மிச்சமிருக்கு இல்லையா.

புது வேலை என்னன்னு கேட்டிருந்தே. எண்றதுதான் வேலை. பதினோரு வருஷமா லேப்ல கண்ணாடிச் சாமான் கழுவினவளுக்கு மேடம் மைக்ராஸ்கோப் முன்னாடி ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்க. ஒரு சின்னத் தட்டுல உயிரோட செல் இருக்கும். நம்ம உடம்புல வேண்டாதது எது நுழைஞ்சாலும் பிடிச்சு விழுங்கற வகை. அதுமேல தூசி அளவுக்குப் பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூவுவோம். ஒரு மணி நேரம் விட்டுக் கழுவி, சாயம் போட்டு, நூறு செல்லுல எத்தனை செல் விழுங்கியிருக்குன்னு எண்ணி எழுதணும். எண்ணினதும் தட்டுல மருந்தை ஊத்திக் கொட்டிடுவோம்.

வாய் கிடையாது, பல் கிடையாது. உடம்போட ஓரமே உதடு மாதிரி எழும்பி உருண்டையைச் சுத்தி மூடிக்கும். எல்லாத்தையும் தின்னாது. சிலதைத் தொட்டுப் பார்த்துட்டு வேண்டாம்னு ஒதுங்கிடும். சிலதைப் பாதி வரைக்கும் மூடிட்டு, மனசு மாறி விட்டுடும். சிலது மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதைத் தின்ன கணக்குல சேர்க்கக் கூடாது. நீ மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு முழுங்கிட்டேன்னு அம்மாகிட்ட வாயைத் திறந்து காட்டுவியே, அந்தப் பித்தலாட்டம் எல்லாம் இங்கயும் உண்டு. உன்னைப் பார்த்துப் பழகினதுல எனக்கு உடனே கண்டுபிடிக்க வருது.

உன் பட்டறைத் தூசியை ஒரு சிட்டிகை காகிதத்துல மடிச்சு அனுப்பு. உன் கல்லை இதுங்க என்ன பண்ணுதுன்னு பார்க்க ஆசையா இருக்கு.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

ஜனவரி 28

அக்காவுக்கு,

இங்க ரெண்டு பேரும் சௌக்கியம். முழங்காலுக்குத் தைலம் தடவு, மாத்திரை வேண்டாம்.

தூசி அனுப்பியிருக்கேன். ஒரு சிட்டிகை கேட்டே, ஒரு பிடியே இருக்கு. இங்க அதுக்குப் பஞ்சமே இல்ல. இது மலையில வெட்டின கல் இல்லக்கா. கல்லைப் பொடி பண்ணி, பசை போட்டு அழுத்திப் பலகையா வருது. சமையல் மேடைக்குப் போடறதுக்கு. நாங்க அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்ச்சு, பாலிஷ் போட்டுக் குடுக்கறோம். வெட்டும்போது பிளேடு மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா எதிர்ல நிக்கிற ஆள் தெரிய மாட்டான்.

அடங்கி இருப்பான்னு நீ பார்த்து எனக்குப் பண்ணி வச்சவ இருக்காளே, தினமும் காலையில வாசல்லயே நின்னு என் மூஞ்சியில ரப்பர் மாஸ்க்கை மாட்டி விட்டுத்தான் அனுப்பறா. ரெண்டு பக்கமும் வடிகட்டி வச்சது. மதியம் சாப்பிடத்தான் கழட்டுவேன். உள்ள ஒரே வேர்வை, மூக்குத் தண்டு புண்ணாப் போச்சு. பாலிஷ்காரர், இங்க எனக்கு மூத்த ஆள், "உனக்கு வாய்ப்பூட்டு போட்டு அனுப்பியிருக்காங்க"ன்னு கிண்டல் பண்றார். ஆனா அவரும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கார்.

உன் செல்லுங்களை நான் விசாரிச்சதாச் சொல்லு.
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் தேவலை. நீங்க ரெண்டு பேரும் சுகம்னு படிச்சதுல சந்தோஷம். கையில கிடைச்ச லேப் தாள்லயே எழுதறேன், மேல அச்சடிச்சிருக்கிறதைப் பார்த்து பயந்துடாதே.

நேத்து மேடம் வேலைக்குப் போக மீந்த செல் கொஞ்சம் இருந்துச்சு. உன் தூசியைத் தண்ணியில கலக்கித் தெளிய விட்டு, ரொம்பப் பொடியானதை மட்டும் எடுத்துத் தூவினேன். சொன்னா நம்ப மாட்டே. சும்மா பிளாஸ்டிக் உருண்டையைப் போட்டா நூத்துக்கு முப்பது தின்னாலே பெரிசு. உன் கல்லை நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு செல் தின்னிருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நாலு, அஞ்சு துண்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.

நம்ம நுரையீரலுக்குள்ளயும் இதே ஆளுங்கதான் காவல் நிக்கறாங்களாம். உன்னை நினைச்சு நான் எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கேன் தெரியுமா? இனிமே இல்லைடா. நீ எவ்வளவு தூசி இழுத்தாலும் உள்ள பெருக்கறதுக்கு ஆள் இருக்கு. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லு, அவளும் நிம்மதியா இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நான் நலம், இவளும் நலம், பட்டறையே நலம். எல்லாம் உன் புண்ணியம்.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துல சத்தமாப் படிச்சேன். ஏழு பேரும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாங்க. முதலாளி தற்செயலா அங்க வந்தார். தாள் மேல லேப் பேரும் முத்திரையும் இருக்கறதைப் பார்த்துட்டு, "இது சாதாரணக் கடிதம் இல்லப்பா"ன்னு வாங்கிட்டுப் போயிட்டார். மறுநாள் பிளாஸ்டிக் உறை போட்டு, கை கழுவற இடத்துல மாட்டிட்டார். "தொண்ணூத்திரண்டு"ங்கறதுக்குக் கீழ சிவப்புக் கோடு வேற. உனக்கு இங்க பெரிய பேர்.

மாஸ்க்கை எல்லாரும் ஆணியில மாட்டியாச்சு. முதல் ஆளாக் கழட்டினது நான்தான், அக்கா என்னுது இல்லையா. மூச்சு விடறது இவ்வளவு சுகம்னு மறந்தே போச்சு. தண்ணிக் குழாயையும் முதலாளி பிடுங்கிட்டார். சேறு இல்ல, வழுக்கல் இல்ல, வேலை சரசரன்னு ஓடுது.

இவ மட்டும் முணுமுணுத்துக்கிட்டே இருக்கா. "உங்க அக்கா என்ன டாக்டரா?"ன்னு கேட்டா. டாக்டருக்கே எண்ணிக் குடுக்கறவன்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

நலம். இங்க வேலை அதிகம், அதான் எழுத முடியல. உன் உடம்பு எப்படி இருக்கு?

அந்தக் கடிதத்தைச் சுவர்ல இருந்து எடுத்துடச் சொல்லு. சொந்த விஷயத்துக்கு லேப் தாளை எடுத்தது தப்பு, தெரிஞ்சா மேடம் சும்மா விட மாட்டாங்க. எடுத்துக் கிழிச்சுடு.

நீ மாஸ்க்கை மாட்டிக்கோ. தண்ணி இல்லாம வெட்டாதே. ஏன்னு கேக்காதே, அக்கா சொல்றேன் இல்லையா, கேளு. பாலிஷ்காரரையும் மாட்டச் சொல்லு.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

உன் கடிதத்துல பாதியைக் காணோம் போலிருக்கே. மூணு மாசம் கழிச்சு எழுதறவ நாலு வரியில முடிச்சுட்டே. முழங்கால் பத்திக்கூட ஒண்ணும் இல்ல. எல்லாம் சரிதானே?

முதலாளிகிட்ட கேட்டேன், தரமாட்டேங்கறார். சோதனைக்கு வந்த அதிகாரிகிட்ட அதைத்தான் காட்டினாராம். நானே எல்லார் முன்னாடியும் படிச்சுட்டு, இப்ப நானே மாஸ்க்கை மாட்டிக்கிட்டு நின்னா சிரிப்பாங்க அக்கா. நேத்து ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்தேன். "அக்காவோட செல்லெல்லாம் லீவா?"ன்னு பாலிஷ்காரர் கேட்டார். கழட்டிட்டேன்.

ரெண்டு வாரமா வறட்டு இருமல். மழை ஈரம்தான், வேற ஒண்ணும் இல்ல. மாடிக்கு ஏறினா நடுவுல ஒரு தடவை நிக்க வேண்டியிருக்கு. நம்ம குடும்பத்துக்கே படி ஆகாது போல.

தம்பி

ஜூலை 14

என் தம்பிக்கு,

நலம் விசாரிச்சு ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்ல. இதை முழுசாப் படி. படிச்ச உடனே பட்டறையை விட்டு வெளியில வா.

மார்ச் கடைசியில உன் தூசியில இன்னொரு தட்டு போட்டேன். மேடத்துகிட்ட காட்டிப் பேர் வாங்கணும்னு ஆசை. அன்னைக்கு மூணு நாள் விடுமுறை அறிவிச்சு எல்லாரும் கிளம்பினாங்க, நானும் கிளம்பிட்டேன். தட்டை எண்ணவும் இல்ல, கொட்டவும் இல்ல. அடைகாக்கிற பெட்டிக்குள்ளயே மறந்துட்டேன். திரும்பி வந்த அன்னைக்குக் காலையில எடுத்துப் பார்த்தேன். பக்கத்துத் தட்டுல பிளாஸ்டிக் தின்ன செல் எல்லாம் உயிரோட இருக்கு. உன் கல்லைத் தின்ன செல் எல்லாம் செத்துக் கிடக்கு.

தின்னுதுடா. நல்லாத்தான் தின்னுது. ஆனா அதால கல்லைக் கரைக்க முடியல. உள்ள இருந்துக்கிட்டே கல் அதைக் கிழிச்சுடுது. செல் வெடிச்சுச் செத்ததும் கல் அப்படியே வெளியில வந்து விழுது. மிச்சமிருக்கிற செல் வந்து அதே கல்லைத் திரும்பத் தின்னுது. அதுவும் சாகுது. என் கண்ணாலயே பார்த்தேன், ஒண்ணு நகர்ந்து வந்து, செத்ததுக்குப் பக்கத்துல கிடந்த துண்டைச் சுத்தி மூடுது. எதை எதையோ வேண்டாம்னு ஒதுக்கத் தெரிஞ்ச ஜன்மத்துக்கு இதை ஒதுக்கத் தெரியல. நுரையீரல்லயும் இதுதான் நடக்கும். செத்த இடமெல்லாம் தழும்பா இறுகிடும். நான் எண்றது ஒரு மணி நேரத்துல. பதினோரு வருஷம் லேப்ல இருந்தும் அதுக்கு மேல என்ன ஆகும்னு ஒரு நாள் யோசிக்கல. தின்னா நல்லதுன்னு நானே முடிவு கட்டிட்டேன்.

மேடத்துகிட்ட ஓடினேன். அவங்க ஆச்சரியமே படல. "கல் தூசின்னா அப்படித்தான். இது ரொம்பப் பழைய விஷயம், பாடப் புத்தகத்துலயே இருக்கு"ன்னாங்க. ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அப்புறம், "நீயா எண்ணினதை யாருக்கும் சொல்லலையே?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்.

சொன்னா நாற்காலி போயிடும்னு பயம். அந்தப் பொய்யைக் காப்பாத்திக்க உனக்கும் எழுதல. தினமும் நாளைக்கு எழுதலாம்னு தள்ளினேன். ரெண்டு மாசத்துக்கு மேல போனப்புறம் அந்த நாலு வரி எழுதினேன், அதுலயும் தாளைப் பத்தித்தான் கவலைப்பட்டேன். நீ இருமறேன்னு எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடு. கல் தூசின்னு டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லு. இந்தக் கடிதத்தையும் சாப்பாட்டு நேரத்துல படி, அதே சத்தத்தோட. என் பேரைச் சொல்லித் திட்டட்டும்.

அக்கா

செப்டம்பர் 2

தம்பி,

பதில் இல்ல. ஃபோனையும் யாரும் எடுக்கல. நான் கிளம்பி வரட்டுமா? நீ வான்னு சொல்லாம வந்து நிக்க எனக்குத் துணிச்சல் இல்ல. வெறும் தாளையாவது மடிச்சு அனுப்பு, நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்கறேன்.

அக்கா

நவம்பர் 19

அக்காவுக்கு,

இருக்கேன். ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் படுத்துட்டேன், அதான் எழுதல. கோபம்னு நினைச்சுக்காதே. இதையே மூணு நாளா எழுதறேன், கையெழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே.

நீ சொன்ன மாதிரியே படிச்சுக் காட்டினேன். நடுவுல மூச்சு முட்டிடுச்சு, பாக்கியைப் பாலிஷ்காரர் படிச்சார். படிச்சு முடிச்சுட்டு எழுந்து போய் அவரே மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கிட்டார். ஏழு பேரும் தண்ணிக் குழாய் வேணும்னு உட்கார்ந்துட்டோம். முதலாளி என்னை மட்டும் வெளியில போகச் சொன்னார். குழாய் வந்துடுச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

படத்துல ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா இருக்கு. விழுந்த தழும்பைப் போக்க மருந்து இல்லையாம். வர்ற மூச்சை வச்சு ஓட்டணும்.

ஒண்ணு சொல்லணும். இதுக்குத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு இருமல் மூணு வருஷமாவே இருக்குக்கா. உன்கிட்ட மறைச்சுட்டேன். மாஸ்க் மாட்டறேன்னு எழுதினதும் சும்மா. தெருமுனை திரும்பினதும் கழட்டிப் பைக்குள்ள போட்டுடுவேன். நீ அந்தக் கடிதம் எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே எல்லாம் ஆகிப் போச்சு. உன் தொண்ணூத்திரண்டுக்கும் என் நெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இரு.

வரணும்னா வா. வந்தா அழக் கூடாது.

தம்பி

டிசம்பர் 12

அண்ணிக்கு,

வணக்கம். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்க எனக்கு மனசு வரல, ஆனாலும் கேக்கறேன். இதை நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

மூணு வருஷமா இருமல்னு உங்களுக்கு எழுதியிருக்கார். தபால்ல போடறதுக்கு என்கிட்டதான் குடுத்தார், படிச்சேன். அண்ணி கேட்டா நீயும் அப்படியே சொல்லுன்னார். நான் சொல்ல மாட்டேன். பக்கத்துல படுக்கறவ நான். இந்த ஜூனுக்கு முன்னாடி அவர் ஒரு நாள் இருமினதில்ல.

மாஸ்க்கைத் தினமும் சாயங்காலம் கழுவினதும் நான்தான். வடிகட்டியோட வெளிப்பக்கம் மாவு அப்பின மாதிரி வெள்ளையா வரும், உள்பக்கம் பளிச்சுன்னு இருக்கும். மார்ச் மாசத்துல இருந்து வெளிப்பக்கமும் பளிச்சுன்னு வந்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சண்டை போட்டேன், கேக்கல. "என் அக்கா எண்ணிப் பார்த்துட்டா"ன்னார். ஆறு வருஷத் தூசியும் உள்ள கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்துதான் இருக்கும், ஆனா ஆளைச் சாய்ச்சது இந்தச் சில மாசம்தான்னு டாக்டர் சொல்றார். அதையும் மறைக்காம எழுதறேன். எனக்கு உங்க மேல இருக்கிற ஆத்திரம் லேசுல போகாது. போகும்னு பொய் சொல்லவும் மாட்டேன்.

இப்ப அவரால படுக்க முடியல. ஜன்னல் பக்கத்துல தலையணையில சாய்ஞ்சு உட்கார்ந்தே இருக்கார். ரெண்டு வார்த்தைக்கு நடுவுல நிறுத்தித்தான் பேசறார். தெருவுல யார் வந்தாலும் எட்டிப் பார்க்கறார், நீங்கதானான்னு. வாங்க. சீக்கிரம் வாங்க. உங்களுக்கும் ஒரு தலையணை போட்டு வைக்கறேன்.

உங்க தம்பி மனைவி

டிசம்பர் 20

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நீ எழுதினது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு தெரியும். ஒரு வார்த்தையும் அதிகம் இல்ல. ஆத்திரத்தை அப்படியே வச்சுக்கோ, அதைக் குறைக்கச் சொல்லி நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல.

மேடத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாற்காலி போச்சு. அந்தத் தாள்ல இருக்கிறது பொய்னு லேப் பேர்லயே பட்டறைக்கும், சோதனைக்கு வர்ற அதிகாரிக்கும் எழுதிப் போட வச்சிருக்கேன். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி அரை நாள்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

வர்ற வெள்ளிக்கிழமை பஸ் ஏறறேன். சனிக்கிழமை காலையில வந்துடுவேன்.

நீ எழுதினது அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் வந்து அவன் பக்கத்துல உட்கார்ந்ததும், "மூணு வருஷமா இருமலை மறைச்சியேடா, படுபாவி, சொல்லியிருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா"ன்னு அவனைத் திட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் அதுக்குத்தான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உன்னால அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது, நிக்கவும் வேண்டாம். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நீ வெளியில போயிரும்மா.

அண்ணி